தகரப் பெட்டியும் கோயிற் கொப்பியும்: எமது பாட்டனாரின் பிரஜாவுரிமை வரலாறு

சரித்திரம் என்றவுடன் எல்லாளனும் பராக்கிரமபாகுவும், ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. நாம் கல்வி கற்ற மிஷன் பாடசாலையிலும் அவர்களைப் பற்றியே கற்றோம். ஆயினும் அங்கே எமக்குச் சரித்திரம் போதித்த முதிய ஆசிரியர் ஒரு பழக்கத்தை எம்மிடம் விதைத்துவிட்டார். எந்தப் பத்திரத்தைக் கையிலெடுத்தாலும், இதனை எழுதியவர் யார், எப்பொழுது எழுதினார், எதற்காக எழுதினார் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்ட பின்னரே அதனை நம்ப வேண்டும் என்பார் அவர். அக் கேள்விகளை எமது சொந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து கேட்க நேரிடும் என்று நாம் அன்று எண்ணியதில்லை.

அப் பெட்டி எமது பாட்டனாருடையது. மத்திய மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எண்பது ஆண்டுகள் வாழ்ந்து, 2012ஆம் ஆண்டில் சிவபதமடைந்தவர் அவர். தாம் இந் நாட்டின் பிரஜை என்று சட்டப்படி கூறிக்கொள்ளும் உரிமையை அவர் பெற்றது தமது 57ஆவது வயதிலேதான். அதற்கு முன்னர் 40 ஆண்டுகள் அவர் எந்த நாட்டவர்? இக் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக் கட்டுரை. ஒரு குடும்பத்தின் கதையை மலரிலே பெரிதுபடுத்துவானேன் என்று பெரியோர் சிலர் வினவலாம். இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. மலைநாட்டின் லயங்களில் அந்நாளில் இதே கதை நிகழாத வீடுகள் மிகச் சிலவே.

பெட்டியுள் இருந்தவை

பாட்டனார் எழுத்தறிவு குறைந்தவர். எனினும் கடதாசித் துண்டு ஒன்றையும் எறிந்தாரில்லை. பெட்டியின் அடியிலே பழைய சேலைத் துணியில் சுற்றிய ஐந்து பத்திரங்கள் இருந்தன. முதலாவது, 1932ஆம் ஆண்டு மண்டபம் முகாமிலே கொடுக்கப்பட்ட ஒரு சீட்டு. இரண்டாவது, தோட்டத்து ஆபீசில் 1951ஆம் ஆண்டில் எழுதிக் கொடுத்த செக்ரோல் பிரதி. செக்ரோல் என்பது யார் எந்த நாளில் வேலைக்கு வந்தார் என்று பெயர் பதியும் ஏடு என்பதைத் தோட்டத்தார் அறிவர். மூன்றாவது, 1955ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வந்த ஒரு பக்கக் கடிதம். நான்காவது, 1969ஆம் ஆண்டில் ஒப்படைத்த விண்ணப்பத்துக்கான பற்றுச்சீட்டு. ஐந்தாவது, 1988ஆம் ஆண்டின் சத்தியக் கடதாசி.

இவ் ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் 56 ஆண்டுகள் வருகின்றன. இவ்வளவு காலமும் ஒரு மனிதர் தாம் எங்கே வாழ்கின்றார் என்பதை மெய்ப்பிப்பதற்காகவே கடதாசி சேர்த்திருக்கின்றார்!

கடல் கடந்த கைக்குழந்தை

பாட்டனாரின் தந்தையார், அதாவது எமது பூட்டனார், திருச்சிராப்பள்ளி மாவட்டத்து முசிறிப் பகுதியிலிருந்து 1926ஆம் ஆண்டில் கங்காணி ஒருவருடன் வந்தவர். அக்காலத்தில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தே தோட்டங்களுக்குப் பெருந்தொகையானோர் வந்தனர். மண்டபம் முகாமில் வைத்திய பரிசோதனை முடிந்தபின், தனுஷ்கோடியிற் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து கோச்சியில் மதவாச்சி, அநுராதபுரம், மாகோ, பொல்காவலை வழியாக மலைநாட்டை அடைதல் அவர்கள் வந்த வழி. கப்பலும் ரயிலும் இணைந்த அவ் வழி 1914ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதற்கு முன்னைய தலைமுறையினர் மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நிகழ்ந்த நடைபயணம் அந்தப் பாதச் சுவடுகளைத் தொடர்ந்ததேயாம்.

நிற்க. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ வேண்டுமென்பது நம்மவர் வழக்கம். அதன்படி எமது பூட்டியார் 1931ஆம் ஆண்டில் தம் பிறந்த ஊருக்குச் சென்றார். அங்கே பாட்டனார் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையுடன் 1932ஆம் ஆண்டில் பூட்டியார் திரும்பினார். மண்டபத்துச் சீட்டிலே தாயின் பெயருக்குக் கீழே, ‘ஆண் குழந்தை ஒன்று’ என்ற கருத்துப்பட ஆங்கிலத்தில் ஒரு வரி காணப்படுகின்றது. பாட்டனார் குடியேறியவர் என்பதற்கு உலகத்தில் உள்ள சான்று அவ்வொரு வரியே. பெயர்கூட எழுதப்படவில்லை! தாயின் மடியிற் கிடந்து கடல் கடந்த அவர், பிறந்த ஊரை மீண்டும் ஒருபோதும் கண்டாரில்லை. அவருடைய தம்பியாரும் தங்கையாரும் தோட்டத்திலேயே பிறந்தனர்.

தந்தை பிறந்த மண்

பூட்டனார் 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வாக்களித்தார். அதனைப் பாட்டனார் பெருமையுடன் கூறுவதுண்டு. வேட்டி துவைத்து உடுத்தி, விபூதி தரித்து, கோயிலுக்குச் செல்பவரைப் போலத் தந்தையார் சென்றாராம். அத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த 7 பேர் பாராளுமன்றம் புகுந்தனர். திரு. எஸ். தொண்டமானும், எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் அடங்குவர். 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7,80,000. இது நாட்டு மக்கள் தொகையில் நூற்றுக்குப் பதினொன்றுக்கும் அதிகமாகும். இத்தொகையினரின் வாக்குப் பலத்தை அன்றைய ஆட்சியாளர் அச்சத்துடன் நோக்கினர் என்பது சரித்திர ஆசிரியர் பலரும் ஒப்புக்கொண்ட முடிபு.

சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறி, நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழக நூலகத்தில் அச் சட்டத்தை முதன்முறையாக வாசித்தபோது, அதன் நான்காம் பிரிவிலே எமது கண்கள் நிலைத்துவிட்டன. இலங்கையிற் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜையாவதற்கு அவர் இங்கே பிறந்தது போதாது. அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அன்றேல், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டிற் பிறந்தவராயின் தந்தையும் பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவராதல் வேண்டும்.

ஆகவே, முசிறியிற் பிறந்த எமது பாட்டனாரும், தோட்டத்து லயத்திற் பிறந்த அவருடைய தம்பியாரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றேயாயினர். தலைப்பிரசவத்துக்காகப் பூட்டியார் கடல் கடக்காதிருந்தாலும் பயன் ஏதும் விளைந்திராது. பிறந்த மண் அன்று, தந்தை பிறந்த மண்ணே கேட்கப்பட்டது.

இங்கே இளைஞர் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இலங்கையிலே பிறப்பு இறப்புக்களை அரசாங்கம் ஒழுங்காகப் பதியத் தொடங்கியது 1867ஆம் ஆண்டின் சட்டத்தின் பின்னரே. 1948இல் வயது முதிர்ந்த ஒருவர் தம் பாட்டன், பூட்டன் பிறப்பை அத்தாட்சிப் பத்திரத்தால் மெய்ப்பிக்க முயன்றால், அவர் எவ்வினத்தவராயினும் பெரும்பாலும் தோல்வியே அடைவார். ஆனால், அந்தச் சோதனை எல்லோருக்கும் வைக்கப்படவில்லை. கிராமத்தவரை எவரும் கேட்கவில்லை, லயத்தவரையே கேட்டனர். எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான சட்டம் நடைமுறையில் ஒருசாராரை மட்டும் வாட்டியது இவ்வாறே.

அடுத்த ஆண்டில், பாராளுமன்றத் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜைகளல்லாதோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் பூட்டனாரின் பெயர் இடாப்பில் இல்லை. அவ்வாண்டில் காங்கிரஸார் கொழும்பிலே நீண்ட சத்தியாக்கிரகம் செய்தனர். கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953ஆம் ஆண்டில் தோல்வியுற்றது. பெயர்கள் திரும்பவில்லை.

7 ஆண்டும் 14 மாதமும்

கதவு முற்றாக அடைக்கப்பட்டதென்று கூறுதல் நியாயமாகாது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை மெய்ப்பித்தால் பிரஜையாகப் பதியப்படலாம். போதிய வருமானம் முதலிய வேறு நிபந்தனைகளும் உண்டு. ஒரு முறை 12 மாதங்களுக்கு மேற்படாமல் வெளிநாடு சென்று வந்தால் அது வதிவை முறித்ததாகக் கொள்ளப்படமாட்டாது. விண்ணப்பிக்கும் காலம் 1951 ஓகஸ்ட் 5ஆந் திகதியுடன் முடிவடைந்தது. முதலில் இச் சட்டத்தைப் பகிஷ்கரிக்க எண்ணியிருந்த காங்கிரஸ் பின்னர் மனம் மாறியமையால், விண்ணப்பங்கள் கடைசிக் காலத்திலே குவிந்தன. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாக அனுப்பப்பட்டன. பத்தாண்டுகளுக்கும் மேலாக நீடித்த விசாரணைகளின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே.

பூட்டனாரின் விண்ணப்பமும் அக் குவியலில் ஒன்று. பாட்டனாருக்கு அப்பொழுது 20 வயது. மணமாகாதவராகையால் தந்தையின் விண்ணப்பத்தில் பிள்ளைகளுள் ஒருவராகவே அவருடைய பெயரும் சேர்க்கப்பட்டது. பூட்டனார் மணமானவர். ஆதலின் 1939 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து அவர் இங்கே வதிந்தமையைக் காட்ட வேண்டும். அதற்கு இருந்த ஒரே எழுத்துச் சான்று செக்ரோல். அதுவோ தொழிலாளியின் கையில் இருப்பதன்று. தோட்டத்து ஆபீசிலே துரையின் பொறுப்பில் இருப்பது. கிளாக்கரை நான்கு முறை கண்டு, ஒருவாறு பிரதி பெற்றார்களாம்.

அப் பிரதியை நாம் விளக்கொளியில் வரி வரியாக வாசித்தோம். 1938 மே மாதம் வரை பெயர் உண்டு. 1938 யூன் முதல் 1939 யூலை முடிய இல்லை. 1939 ஓகஸ்டில் மீண்டும் உண்டு. இடையில் 14 மாதங்கள்! 1955ஆம் ஆண்டுக் கடிதத்தின் சாரமும் அதுவே. விண்ணப்பகாரர் 12 மாதங்களுக்கு மேலாக இலங்கையில் இருக்கவில்லை, ஆகவே வதிவு முறிந்தது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகின்றது. மேன்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டம் வழங்கியிருந்தது. ஆனால் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் வேண்டுமே! பூட்டனார் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். 1961ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

பாட்டனார் இதனை எக்காலத்தும் ஒப்புக்கொண்டாரில்லை. தம் தாயாரின் நோய் கேட்டுத் தந்தை ஊருக்குச் சென்றதும், தாயார் இறந்தபின் காணிக்கடனைத் தீர்த்து வந்ததும் உண்மையே. ஆனால், சித்திரைத் திருவிழாவுக்கு முன்னரே அவர் திரும்பிவிட்டார் என்பார். வந்தவுடன் தோட்டத்தில் பெயர் பதியாமையால், சில மாதம் கைக்காசுக்கு வேலை செய்தார் என்பதும் அவர் கூற்று. கைக்காசு வேலைக்குக் கூலி அன்றன்றே கைமேல் கிடைக்கும். மாதச் செக்ரோலில் பெயர் ஏறாது. பாட்டனார் சொன்னது உண்மையாயின் பூட்டனார் வெளிநாட்டில் இருந்தது 11 மாதங்களே. சட்டம் அதனை மன்னித்திருக்கும். குடும்பம் முழுவதும் அன்றே பிரஜைகளாயிருக்கலாம்.

ஆனால், திருவிழாவுக்கு வந்தவர் என்று எட்டு வயதுச் சிறுவன் கண்ட காட்சிக்கு முத்திரை ஏது? நாமும் இதனை ஒரு முதியவரின் ஆறுதற் கதை என்றே பலகாலம் எண்ணியிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கின்றோம்.

ஏழுக்கு நான்கு

அதன் பின்னர் வந்தது 1964 ஒக்டோபர் 30ஆந் திகதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். அன்று நாடற்றவராகக் கணிக்கப்பட்டோர் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் இரு பிரதமரும் உடன்பட்டனர். மீதி 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் திருமதி சிறிமா பண்டாரநாயக்காவும் திருமதி இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேர் இலங்கைக்கு என்பதே விகிதம்.

1969ஆம் ஆண்டில் எமது குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பாட்டனார் இலங்கைப் பிரஜாவுரிமை கோரினார். தம்பியார் இந்தியப் பிரஜாவுரிமை கோரினார். தோட்டத்திற் பிறந்து கடலையே காணாத தம்பியார் இந்தியாவுக்கும், முசிறியிற் பிறந்த தமையனார் இலங்கைக்கும் விண்ணப்பித்த இவ் விநோதத்தை எந்தப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் விளக்க முடியும்? தம்பியாருக்குப் பிள்ளைகள் நால்வர். இங்கே மூன்றாந் தலைமுறையும் பெயரில்லாது போக வேண்டாம் என்று அவர் துணிந்தார். 1973ஆம் ஆண்டில் அவர்கள் தலைமன்னார் கோச்சியில் ஏறினர். ஸ்டேசன் மேடையில் பாட்டனார் தம்பியின் கைக்குள் தோட்டத்து மாரியம்மன் கோயில் விபூதிப் பொட்டலத்தை வைத்தாராம். இரு சகோதரரும் மறுபடி சந்திக்கவேயில்லை. 1984ஆம் ஆண்டில் கப்பற் சேவையும் நின்றுபோயிற்று. தம்பியாரின் சந்ததியினர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு நாட்டிய தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்கின்றனர். கடல் கடந்தும் தேயிலை அவர்களை விட்டபாடில்லை.

விகிதத்தின் கொடுமையை நாம் உணர்ந்தது பாட்டனார் ஒருமுறை சொன்ன சொல்லால். ஏழு பேர் போனாற்றான் நாலு பேருக்கு இடம், அந்த ஏழிலே என் தம்பியும் ஒருவன் என்று கூறிவிட்டு வெளியே எழுந்து சென்றார். அப்பொழுது எமக்கு வயது பத்துக்கும் குறைவு. கணக்குச் சொல்கின்றார் என்றே எண்ணினோம்.

1969இன் விண்ணப்பத்துக்கு விடை வரவில்லை. ஈற்றில், இந்தியப் பிரஜாவுரிமை கோராது இங்கே எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமை அளித்தது. பாட்டனார் சத்தியக் கடதாசியிற் கையெழுத்திட்டுப் பிரஜையானார். (விடுபட்டுப்போன ஏனையோரின் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலும் தீர்ந்தது.) 1994 ஓகஸ்ட் 16ஆந் திகதி நடந்த பொதுத் தேர்தலில் பாட்டனார் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார். தந்தை வாக்களித்த 1947ஆம் ஆண்டுக்கும் மகன் வாக்களித்த அந்நாளுக்கும் இடையில் 47 ஆண்டுகள். அவரும் வேட்டி துவைத்து உடுத்தி, விபூதி தரித்தே சென்றாராம்.

கோயிற் கொப்பி

கடந்த ஆண்டில் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் புனருத்தாரணம் செய்தபோது, எமது மன்றத்து இளைஞர் சிரமதானஞ் செய்தமை வாசகர் அறிந்ததே. மடைப்பள்ளிப் பரணிலிருந்து இறக்கிய மரப்பெட்டியொன்றிற் பழைய திருவிழாக் கணக்குக் கொப்பிகள் சில கிடைத்தன. கறையான் தின்றவை போக நான்கு எஞ்சின. கோயிற் பெரியவர் அவற்றின் பட்டியலை எழுதும் பணியை எம்மிடம் ஒப்படைத்தார். அவற்றுள் ஒன்றின் முகப்பிலே ‘பிரமாதி வருஷம் சித்திரை மாசம்’ என்றிருந்தது.

தமிழ் வருடங்கள் அறுபது ஆண்டுக்கொருமுறை சுழன்று வருவன. பிரபவ 1927 ஏப்ரிலில் பிறந்தது. அதிலிருந்து எண்ணினால் பதின்மூன்றாவதாகிய பிரமாதி 1939 ஏப்ரிலில் வரும். அடுத்த பிரமாதி 1999இல். கொப்பியிலுள்ள சந்தாக்கள் 25 சதம், 50 சதம் என்றிருப்பதால் அது 1999 ஆக முடியாது. திருவிழா சித்திரை 20ஆந் திகதி, அதாவது 1939 மே மாதத் தொடக்கம்.

பக்கங்களைப் புரட்டினோம். சந்தாப் பட்டியலிலே பூட்டனாரின் பெயர் இருந்தது! ஆயினும், ஆசிரியரின் மூன்று கேள்விகள் எம்மைத் தடுத்தன. பெயரளவில் இவர் அவர்தானா? செக்ரோலிலே கிளாக்கர் எழுதிய பெயர் ‘அன்’ என்று முடிகின்றது. கோயிற் கொப்பியிலோ அதே பெயர் ‘ஐயா’ என்று முடிகின்றது. தோட்டத்து ஆபீசிலே கூலியாளாக நின்றவர் அம்மன் சந்நிதியிலே மரியாதைக்குரியவராக நின்றார் என்பதே இவ் வேறுபாட்டின் பொருள். தகப்பனார் பெயரும் லயத்தின் இலக்கமும் பொருந்துவதால் ஆள் ஒருவரே என்பதில் ஐயமில்லை.

அடுத்த கேள்வி: அவர் ஊரில் இருக்க, பூட்டியார் அவர் பெயராற் சந்தாக் கொடுத்திருக்கலாம் அல்லவா? இது நியாயமான ஐயம். ஆனால், கொப்பி எழுதியவர் கவனமான மனிதர். அவ்வாண்டில் இல்லாத ஐவரின் பெயருக்கு எதிரே ‘ஊரில், வீட்டார் பற்று’ என்று குறித்திருக்கின்றார். பூட்டனாரின் பெயருக்கெதிரே அக் குறிப்பில்லை. அதனினும் வலிய சான்று கடைசிப் பக்கத்தில் உண்டு. அம்மனின் சப்பறம் சுமந்தோருக்கு வெற்றிலை பாக்கும் துண்டும் கொடுத்த கணக்கு அது. அதில் ஏழாவது பெயர் பூட்டனாருடையது. சந்தாவை மனைவி கொடுக்கலாம். சப்பறத்துக்குத் தோளை எவ்வாறு கொடுப்பது?

ஆகவே, பாட்டனாரின் கூற்று உண்மை. 1938 யூனில் நீங்கிய பூட்டனார் 1939 மே தொடக்கத்தில் இத் தோட்டத்தில் இருந்தார். சென்றிருந்தது 11 மாதங்களே. அவ்வாண்டு ஓகஸ்டிலே தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. மேலும் மூன்று மாதம் தாமதித்திருந்தால் அவரால் திரும்பியிருக்கவே இயலாது.

இக் கொப்பியை 1955இல் காட்டியிருந்தால் ஏற்றிருப்பார்களோ என்பது வேறு விடயம். காட்ட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எமது மனத்தை உறுத்துகின்றது. விசாரணைக்கு முத்திரை குத்திய ஆங்கிலக் கடதாசியே வேண்டும் என்று நம்மவர் எண்ணினர். தம் கையாலே, தம் மொழியிலே, தம் கோயிலுக்காக எழுதிய கணக்கு ஒரு சான்றென்று அவர்கள் எண்ணத் துணியவில்லை. விசாரணை நடந்த காலமெல்லாம் விடை எமது லயத்திலிருந்து முந்நூறு அடி தூரத்தில், மடைப்பள்ளிப் பரணிலே கிடந்தது.

இளைஞர் கடன்

துரையின் செக்ரோல் பொய் கூறவில்லை. அது வேலை நாளைக் கணக்கிட எழுந்த ஏடு. ஒரு மனிதர் எங்கே வாழ்ந்தார் என்பதைக் கூற எழுந்ததன்று. கூலிக்காக எழுதிய ஏட்டைக் குடியுரிமைக்குச் சான்றாக்கியதே பிழை. ஒரு சமூகம் தன்னைப் பற்றிப் பிறர் எழுதிய ஏட்டை மட்டும் நம்பியிருந்தால், அந்த ஏட்டில் இல்லாத மாதங்களில் அச் சமூகமே இல்லாததாகிவிடும். எமது பாட்டனாரின் பெட்டி எமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

இளைஞர்காள்! மலைநாட்டுக் கோயில்கள் பல புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. பழைய கட்டடத்துடன் பழைய கொப்பிகளையும் தீயிலிடும் வழக்கம் உண்டு. அதனைத் தடுப்பீர். உங்கள் லயத்திலே வயது முதிர்ந்தோர் எவரேனும் உளரேல், அவர்களுடைய பெட்டிகளிலுள்ள பத்திரங்களைப் படம் பிடித்து வையுங்கள். திகதியையும் ஆளையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். பெரியோர்களே! இளையவர் கேட்டால், எதற்கடா அந்தப் பழங்கதை என்று கூறி அனுப்பிவிடாதீர்கள். நாம் அவ்வாறு அனுப்பப்படவில்லை. எனினும் கேட்டதை நம்பாமல் இருந்துவிட்டோம். பாட்டனார் இருந்த காலத்திலேயே அந்தப் பரணில் ஏறியிருந்தால், அவர் கையிலே அக் கொப்பியைக் கொடுத்திருப்போம்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பிரதி செய்து, நீலகிரியிலுள்ள சிறிய பாட்டனாரின் பேத்திக்கு அனுப்பினோம். அவர் அதனைச் சட்டமிட்டு, 1973இல் இங்கிருந்து சென்ற விபூதிப் பொட்டலத்தின் பக்கத்திலே பூசையறையில் வைத்திருப்பதாக எழுதியிருக்கின்றார். மூலக் கொப்பி எமது கோயிலில், புதிய மரப்பெட்டியில், முதலாம் இலக்கமிட்டு வைக்கப்பட்டுள்ளது. பார்க்க விரும்புவோர் கோயிற் பெரியவரைக் கேட்டுப் பார்க்கலாம்.